வேட்டுச் சீமையின் செவிகள்

விருதுநகர் ஜங்ஷனில் தென்காசி மார்க்கமாகச் செல்லும் வண்டி, திருநெல்வேலிப் பெருவழியை விட்டுப் பிரிந்து தென்மேற்கே திரும்புகிறது. இருபுறமும் கரிசல் நிலம். பருத்தியும் மக்காச்சோளமும் நிற்கும் மாதங்களில் கண்ணுக்குக் குளிர்ச்சி. மற்ற மாதங்களில் வேலிக்கருவையின் ராஜ்யம். திருத்தங்கல், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்று ஊர்கள் அடுத்தடுத்து வருகின்றன. புறப்பட்ட இடத்தில் மரமற்ற சமவெளியாக இருந்தது. ராஜபாளையம் வருவதற்குள் மேற்குத் தொடர்ச்சி மலை ஜன்னலண்டை வந்து நின்றுவிடுகிறது. இவ்வழியே பிரயாணம் செய்தவர்கள் ஆண்டாள் சந்நிதியைப் பற்றியும், பால்கோவாவைப் பற்றியும், பட்டாசைப் பற்றியும் வேண்டிய அளவு எழுதிவிட்டார்கள். நான் காதுகளைப் பற்றி எழுதலாம் என்று நினைக்கிறேன். பிராணிகளின் காதுகளைத்தான் சொல்லுகிறேன். நாட்டின் பட்டாசில் மிகப் பெரும் பகுதியைச் செய்து அனுப்பும் இந்தச் சிறு வட்டாரத்தில், ஓசையைக் கொண்டே பிழைக்கிற ஜீவன்கள் எத்தனை விதமாக வாழ்கின்றன என்பதைப் பார்க்கப் பார்க்க வியப்பாக இருக்கிறது.

சிவகாசியில் இறங்கிக் கடைவீதியில் நடந்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு மிருகக் காட்சிசாலை. பட்டாசுப் பெட்டிகளிலும் தீப்பெட்டிகளிலும் சேவல், மயில், அணில், கிளி, மான், யானை என்று சகல ஜீவராசிகளும் வர்ணம் பூசி நிற்கின்றன. அச்சுத் தொழிலும் இவ்வூரிலேயே செழித்திருப்பதால் படங்கள் வெகு அழகு. சின்னஞ்சிறு வெடிக்குக் ‘குருவி வெடி’ என்று பெயர். கொளுத்தினால் கருஞ்சாம்பலாக நெளிந்து வளரும் வில்லைக்குப் ‘பாம்பு மாத்திரை’ என்று பெயர். எந்தப் பிராணிகள் இந்தச் சரக்கைக் கண்டு ஓடி ஒளிகின்றனவோ அவற்றையே விளம்பரத்துக்கு நிறுத்தி வைத்திருப்பதில் உள்ள வேடிக்கையை இவ்வூர்க்காரர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

அந்தச் சேவலையே எடுத்துக்கொள்வோம். அது விடியற்காலையில் நம் காதருகே கூவினால் நமக்குத் தலை சுற்றுகிறது. கூவுகிற சேவலின் காது என்ன ஆகும்? பெல்ஜியம் தேசத்து விஞ்ஞானிகள் சேவலின் செவித் துவாரத்தருகே ஒரு நுண்ணிய ஒலிவாங்கியைப் பொருத்தி அளந்து பார்த்து, 2018ஆம் ஆண்டில் விடையை வெளியிட்டார்கள். அங்கே ஒலி நூறு டெசிபலுக்கு மிக அதிகமாக இருந்தது. பட்டாசுக்குச் சமானம் என்றே சொல்லலாம். ஆனால், சேவல் கூவுவதற்காக அலகை அகலத் திறக்கும்போது அதன் செவிக்குழாயின் ஒரு பகுதி தானாகவே அடைபடுகிறது. செவிப்பறையில் பாதியை மென்மையான சதை வந்து மூடிக்கொள்கிறது. அதாவது, தான் போடும் கூச்சலைத் தானே முழுவதும் கேட்க வேண்டாதபடி சேவலுக்கு இயற்கையே பஞ்சு அடைத்துக் கொடுத்திருக்கிறது. மேடைப் பிரசங்கிகள் சிலருக்கும் இந்த வசதி இருக்குமோ என்று எனக்கு ஐயம் உண்டு.

மயிலின் சங்கதி இதற்கு நேர்மாறு. அகவல்தான் மயிலின் ஓசை என்று நாம் எண்ணியிருக்கிறோம். தோகையை விரித்து அது சிலிர்க்கும்போது, மனிதச் செவிக்கு எட்டாத மிகத் தாழ்ந்த ஓர் ஒலி பிறக்கிறது என்றும், மற்ற மயில்கள் அதைக் கேட்டுத் தலைநிமிர்கின்றன என்றும் கனடா தேசத்து ஆராய்ச்சியாளர் இருவர் 2015இல் எழுதினார்கள். நாம் கண்ணால் பார்த்து மகிழும் ஆட்டத்தை மயில்கள் காதாலும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. விருதுநகர் ஜில்லாவின் புன்செய்க் காடுகளில் மயில்கள் இப்போது ஏராளம். விதைத்த தானியத்தைப் பறிகொடுக்கும் விவசாயிக்கு இந்த ஆராய்ச்சியில் ருசி இராது என்பது வேறு விஷயம்.

பறவைகளுக்கு இன்னொரு பாக்கியமும் உண்டு. உட்செவியில் ஒலியை வாங்கிக்கொள்ளும் நுண்மயிர் உயிரணுக்கள் பேரோசையால் அழிந்துபோனால், பறவைகளுக்கு அவை மறுபடியும் முளைக்கின்றன. 1980களில்தான் இது தெரிய வந்தது. நமக்கும் நாய்க்கும் பசுவுக்கும் அவை மீண்டும் முளைப்பதில்லை, போனது போனதுதான்.

வெளியூர்க்காரர்கள் சிவகாசியை எந்நேரமும் வெடித்துக்கொண்டிருக்கும் ஊராகக் கற்பனை செய்துகொள்கிறார்கள். உண்மையில், வேலை நாட்களில் ஊரைச் சுற்றியுள்ள பட்டாசுச் சாலைகளில் நிலவும் அமைதியை வேறு எந்தத் தொழிற்சாலையிலும் காண முடியாது. ஓர் அறைக்கும் மற்றோர் அறைக்கும் இடையே வெட்டவெளி விட்டு, ஓர் அறையில் சிலரே இருந்து வேலை செய்ய வேண்டும் என்பது விதி. மருந்து உராயக்கூடாது, இரும்பு தட்டக்கூடாது. இங்கே வேளையல்லாத வேளையில் ஒரு சத்தம் கேட்டால் அது கொண்டாட்டம் அல்ல. வீட்டில் உலை வைத்துக்கொண்டிருக்கும் பெண், கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வந்து எந்தத் திசையில் புகை எழுகிறது என்று பார்க்கிறாள். 2012ஆம் வருஷம் செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்தில் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதற்கு முன்னும் பின்னும் நேர்ந்தவை பல. வேட்டுச் சத்தத்தைக் கேட்டதும் உடல் பதறி, திசை தெரியாமல் தவிப்பது என்னவென்று நாட்டில் வேறு எந்த ஊராரையும்விட இவ்வட்டாரத்தார் நன்றாக அறிவார்கள்.

நாயும் பசுவும் தீபாவளி இரவில் படுவது ஏறக்குறைய அதுவே. பஞ்சாங்கம் பார்க்கத் தெரியாத பிராணிக்கு, இன்று பண்டிகை, இது விளையாட்டு, பத்து மணிக்கு ஓய்ந்துவிடும் என்பதை யார் சொல்லுவது? மேலும் அதன் செவி நம் செவியல்ல. மனிதன் ஒரு விநாடிக்கு இருபதிலிருந்து இருபதாயிரம் அதிர்வு வரையுள்ள ஒலியைத்தான் கேட்பான். மாட்டுக்கு முப்பத்தையாயிரம் வரை கேட்கும், நாய்க்கு நாற்பத்தையாயிரம், பூனைக்கு அறுபதாயிரத்துக்கும் மேல். உத்தரத்தின் மேலே சுண்டெலிக் குஞ்சு நமக்குக் கேளாத குரலில் தாயைக் கூப்பிடுவது, கீழே கண்ணை மூடிப் படுத்திருக்கும் பூனைக்குக் கேட்கிறது. அத்தகைய காதின் பக்கத்தில் நாம் சரவெடியைக் கொளுத்துகிறோம்.

சட்டம் இல்லாமலில்லை. வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் ஒலிக்கும் வெடிகளுக்கு 1999லேயே தடை விதித்தார்கள். 2018ஆம் ஆண்டு அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு, புகையும் ஓசையும் குறைந்த பசுமைப் பட்டாசுகளையே செய்ய வேண்டும் என்றும், தீபாவளியன்று இரண்டே மணி நேரம் வெடிக்கலாம் என்றும் தீர்ப்பளித்தது. சிவகாசியில் இதைப் பற்றிப் பேச்சு எடுத்தால் முகங்கள் வாடிவிடுகின்றன. அதில் நியாயமும் இருக்கிறது. மழை பொய்த்த பூமியில் வேறு விளைச்சல் இல்லாமையால் வந்த தொழில் இது. சென்ற நூற்றாண்டின் இருபதுகளில் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போய்த் தீக்குச்சி செய்யக் கற்று வந்து போட்ட விதை, இன்று லட்சக்கணக்கானவர்களுக்குச் சோறு போடுகிறது. ஆனால் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. பூச்சட்டியும், சங்குசக்கரமும், கம்பி மத்தாப்பும், சாட்டையும் இதே ஊரில்தானே தயாராகின்றன? அவை ஓசையால் அல்ல, ஒளியால் விற்பவை. என் வகுப்புப் பையன்களைக் கேட்டால் அணுகுண்டு வெடிக்குத்தான் கை தூக்குகிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

சிவகாசியை விட்டு மேற்கே போனால் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாளின் இடக்கையில் அமர்ந்திருக்கும் கிளி, இலைகளாலும் மலர்களாலும் தினந்தோறும் புதிதாகச் செய்யப்படுவது. அதன் சிவந்த அலகு மாதுளம்பூ. அந்தக் கிளியைச் சேவித்துவிட்டு மேலும் சில மைல் மேற்கே செண்பகத்தோப்புக்குச் சென்றால், காட்டழகர் கோயிலுக்குப் போகும் வழியில், மாந்தோப்புகளும் புளியமரங்களும் மலையடிவாரக் காட்டோடு கலக்கும் இடத்தில், கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கலாம். அதிர்ஷ்டமிருந்தால் நரைத்த மலை அணிலைக் காணலாம்.

அணில் என்றதும் இராமபிரான் தடவிய மூன்று கோடுகள் நினைவுக்கு வரும். (வடநாட்டு அணிலின் முதுகில் ஐந்து கோடுகள் உண்டு, சேதுவுக்குத் தூரமானவர்கள் எப்படியோ இரண்டு கோடு அதிகம் பெற்றுவிட்டார்கள்.) மலை அணிலின் முதுகில் கோடு கிடையாது. பழுப்பும் கறுப்புமான உடம்பின் மேல், வயோதிகரின் தலைபோல வெள்ளை மயிர் தூவியிருக்கும். எடை ஏறக்குறைய ஒன்றரை கிலோவுக்கு மேல். வால் உடம்பின் நீளத்துக்குக் குறையாது. சாப்பிடும்போது பார்க்க வேண்டும்: பின்னங்கால்களால் கிளையைப் பற்றிக்கொண்டு, உடம்பை ஒரு பக்கமும் வாலை மறுபக்கமும் தொங்கவிட்டு, தராசுபோலச் சமன் செய்துகொண்டு, முன்கைகள் இரண்டாலும் காயைப் பிடித்து உருட்டி உருட்டிக் கடிக்கிறது. கிளைக்குக் கிளை இருபது அடி தாவும். தரையில் இறங்குவது அபூர்வம். உயர்ந்த கிளைகள் பின்னும் இடத்தில் சுள்ளியும் தழையும் வைத்துப் பந்துபோலக் கூடு கட்டுகிறது. ஒன்று போதாதென்று பல கூடுகள் வைத்துக்கொள்ளுகிறது. பருந்தின் நிழல் பட்டாலும் ஆள் நடமாட்டம் தெரிந்தாலும் கடகடவென்று சத்தமிட்டுத் தோப்பு முழுவதற்கும் எச்சரிக்கை செய்யும். இதற்குத் தெரிந்த சாலை மரக்கிளைகளே. வழியில் ஒரு மரத்தை வெட்டினால், ஆற்றுக்குப் பாலம் போனதுபோல, இரண்டு தோப்புகளுக்கிடையே போக்குவரத்து நின்றுவிடுகிறது. இந்தியாவில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று ராஜ்யங்களின் சில காடுகளிலும், இலங்கையிலும் அன்றி உலகில் வேறெங்கும் இவ்வகை அணில் கிடையாது.

இதன் பொருட்டே 1988ஆம் ஆண்டு இங்கே ஏறக்குறைய 485 சதுர கிலோமீட்டரில் சரணாலயம் ஏற்படுத்தினார்கள். புலிக்கும் யானைக்கும் சரணாலயம் வைப்பார்கள். ஓர் அணிலின் பெயரால் மலைத்தொடரைக் காத்தது புதுமை. 2021 பிப்ரவரியில் அது மேகமலையோடு சேர்ந்து நாட்டின் 51ஆவது புலிகள் காப்பகமாயிற்று. முப்பத்திரண்டு வருஷம் அணில் காத்த வீட்டுக்குப் புலி பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

மேகமலை என்றதும் ஒரு வௌவாலைக் குறிப்பிடாமல் போக மனமில்லை. 1948இல் ஆங்கஸ் ஹட்டன் என்னும் தோட்டக்காரர் இம்மலையில் பிடித்த ஒரு பழந்தின்னி வௌவால், பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் சேகரத்தில், வேறு சாதாரண இனத்தின் பெயரால் சீட்டு ஒட்டப்பட்டு இருபத்து நான்கு வருஷம் கிடந்தது. 1972இல் தாய்லாந்து தேசத்து விஞ்ஞானி கிட்டி தோங்லோங்யா அதைப் பரிசோதித்து, இது உலகம் அறியாத புதிய இனம் என்று கண்டு, பறவை அறிஞர் சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். உலகின் மிக அரிய வௌவால்களுள் ஒன்று அது. விடைத்தாளைத் திருத்த நாங்கள் எடுத்துக்கொள்ளும் காலத்தைக் குறைகூறும் பெற்றோர்கள் இதைக் கவனிப்பார்களாக.

இந்த மலையில் யானைகளும் உண்டு. யானையின் காது பெரிதாயிருப்பது உடம்புச் சூட்டைத் தணிக்க. ஆனால் அது கேட்பதும் சாமான்யமல்ல. 1984இல் அமெரிக்காவில் கேட்டி பெய்ன் என்னும் அம்மையார், மிருகக் காட்சிசாலையில் யானைகளருகே நின்றபோது காற்றில் ஏதோ ஓர் அதிர்வு உடம்பில் படுவதை உணர்ந்தார். கருவிகளைக் கொண்டு சோதித்ததில், மனிதச் செவிக்கு எட்டாத தாழ்ந்த குரலில் யானைகள் பேசிக்கொள்வது தெரிந்தது. அந்தக் குரல் காட்டைத் துளைத்துக்கொண்டு மைல் கணக்கில் செல்லும். இதற்கு இருபது வருஷத்துக்கு முன்பே அவருடைய கணவராயிருந்த ரோஜர் பெய்ன், கூகையின் காதை ஆராய்ந்து பெயர் பெற்றவர். நம் கோயில் கோபுரங்களிலும் பாழ்மண்டபங்களிலும் வசித்து, ‘சாவுக்குருவி’ என்று அபவாதம் சுமக்கும் அதே வெண்கூகைதான். அதன் இரண்டு செவித் துவாரங்களும் ஒரே மட்டத்தில் இல்லை. ஒன்று சற்று மேலே, மற்றது சற்றுக் கீழே. ஆகவே, ஓசை பக்கவாட்டில் எங்கிருந்து வருகிறது என்பதோடு எவ்வளவு உயரத்திலிருந்து வருகிறது என்பதும் அதற்குத் தெரியும். துளி வெளிச்சமும் இல்லாத அறையில், சருகில் எலி நடக்கும் சலசலப்பை மட்டும் கேட்டுப் பாய்ந்து பிடித்துவிட்டது. சாவு வருவது எலிக்கே தவிர நமக்கல்ல.

தோப்பில் யானை இறங்கினால் விவசாயி முதலில் தேடுவது சிவகாசிச் சரக்கைத்தான். வனத் துறையாரும் பட்டாசு வெடித்தே யானைகளை விரட்டுகிறார்கள். முதல் நாள் ஓடும். பத்தாம் நாள் இது வெறும் சத்தம் என்று தெரிந்துகொண்டு நின்று மென்றுகொண்டிருக்கும். காட்டுப்பன்றிக்காகப் பழத்துக்குள் வெடிமருந்தை வைக்கும் ‘அவுட்டுக்காய்’ இதைவிடக் கொடிது. 2020 மே மாதம் கேரளத்தில் பாலக்காடு ஜில்லாவில், வாயில் அத்தகைய வெடி வெடித்த ஒரு கர்ப்பிணி யானை, ஆற்று நீரில் துதிக்கையை அமிழ்த்தியபடி நின்றே உயிர் விட்டது.

ராஜபாளையத்துக்கு வருவோம். இவ்வூர் நாய் தூய வெள்ளை. மூக்கு ரோஜா நிறம். காட்டுப்பன்றி வேட்டைக்கென்று வளர்க்கப்பட்டு, வேட்டை 1972ஆம் வருஷச் சட்டத்தால் நின்றபின் தோப்புக்கும் வீட்டுக்கும் காவலாக இருக்கிறது. இதே ஜில்லாவில் பட்டாசுச் சாலைகளுக்கு நடுவே உள்ள சிப்பிப்பாறை என்னும் சிற்றூர், முயலைத் துரத்திப் பிடிக்கும் மெலிந்த, நெடுங்கால் நாய்க்குத் தன் பெயரைக் கொடுத்திருக்கிறது. ஒரு சிறு வட்டாரம் இரண்டு நாய் இனங்களுக்குப் பெயர் வைத்திருப்பது பெருமைதான். நெடுங்காலம் நம்மவர்கள் சீமை நாய்களுக்கே பணத்தைக் கொட்டினார்கள். குளிர் தேசத்துக்கு ஏற்பட்ட சடைநாய் சித்திரை வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதைக் கௌரவமாக நினைத்தார்கள். 2005ஆம் வருஷம் ராஜபாளையம் நாய்க்குத் தபால் தலை வெளியாயிற்று; 2020இல் பிரதம மந்திரி வானொலிப் பேச்சில் இவ்விரு இனங்களையும் பெயர் சொல்லிப் புகழ்ந்தார். அதன் பிறகு கிராக்கி ஏறியது.

இங்கேதான் காது மறுபடியும் வருகிறது. உடம்புக்கு நிறம் தரும் உயிரணுக்கள் உட்செவியிலும் இருந்தாக வேண்டும். அவை அங்கே இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களுக்குள் செவியின் நுண்மயிர் உயிரணுக்கள் மடிந்துபோகின்றன. நீலக் கண்ணுடைய வெள்ளைப் பூனைகள் பெரும்பாலும் செவிடாக இருப்பதை டார்வின் 1859லேயே எழுதியிருக்கிறார். ராஜபாளையம் நாயிலும், ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லாத வெண்மை வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியதில், சில குட்டிகள் செவிடாகப் பிறக்கின்றன. காவலுக்கென்றே பிறந்த நாய்க்கு வாசலில் காலடி ஓசை கேட்காது! நாய்க்குட்டிகள் பிறக்கும்போது எல்லாக் குட்டிகளுக்குமே செவித்துவாரம் மூடியிருக்கும். இரண்டு வாரம் கழித்தே திறக்கும். ஆகவே அவசரப்பட்டுக் கணிக்க முடியாது. ஆறு வாரமான குட்டியின் பின்னால் நின்று ஒரு தட்டைத் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். கூட்டத்தோடு வைத்துத் தட்டக்கூடாது. மற்றவை திரும்புவதைப் பார்த்துச் செவிட்டுக் குட்டியும் திரும்பிவிடும்.

இதை எனக்குச் செய்து காட்டிய பெரியவர் ஒருவர், திரும்பாத குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: “வெள்ளையைத்தான் சார் எல்லாரும் கேக்குறாங்க. காதைப் பத்தி யாரும் கேக்குறதில்லை.” தீபாவளியன்று தம் வீட்டு நாய்களில் இப்படிப்பட்ட ஒன்று மட்டும் நிம்மதியாகத் தூங்கும் என்றும் சொன்னார். புள்ளி விழுந்த குட்டியையும் நல்ல குட்டியாக மதித்து வளர்த்தால் இந்தக் குறை வெகுவாகக் குறையும். வாங்குகிறவர்கள் மனம் வைக்க வேண்டும்.

ஊர் திரும்புகிறவர்களுக்கு மதுரையில் ஒரு பொழுது மிச்சமிருந்தால், அங்கிருந்து திருப்பத்தூர் செல்லும் சாலையில் வேட்டங்குடிக்குப் போய்விட்டு வரலாம். சிவகங்கை ஜில்லாவைச் சேர்ந்த இடம். கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்களும் சேர்ந்து 1977 முதல் பறவைகள் சரணாலயம். ஐப்பசி மழையில் கண்மாய் நிரம்பும் சமயத்தில் நாரைகளும் கொக்குகளும் அரிவாள்மூக்கன்களும் வந்து, நீரில் நிற்கும் கருவேல மரங்களில் கூடு கட்டுகின்றன. தீபாவளியும் அப்போதுதான். நெதர்லாந்து தேசத்தில் புத்தாண்டு இரவின் வாணவேடிக்கையின்போது ஆயிரக்கணக்கான பறவைகள் மிரண்டு எழுந்து, ஐந்நூறு மீட்டர் உயரத்துக்குப் பறந்து தவித்ததை, வானிலை பார்க்கும் ராடார் கருவியில் கண்டு 2011இல் எழுதியிருக்கிறார்கள். கொள்ளுகுடிப்பட்டியார் ராடார் இல்லாமலே இதை அறிந்து, பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும்கூட இல்லை. வனத் துறையார் ஆண்டுதோறும் வந்து, அவ்வூர்க் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் மிட்டாய் கொடுத்து மரியாதை செய்துவிட்டுப் போகிறார்கள்.

அங்கே கூடு கட்டும் பறவைகளில் நத்தைகுத்தி நாரை முக்கியமானது. அதன் அலகு இரண்டும் நடுவில் ஒட்டாமல், பாக்குவெட்டிபோல இடைவெளி விட்டு நிற்கும். குஞ்சுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் உண்டாகிறது. நத்தையைப் பிடித்து ஓட்டுக்குள்ளிருந்து சதையை எடுப்பதற்கு ஏற்ற அலகு அது. வளர்ந்த நாரைக்குக் குரல் என்று சொல்லத்தக்கது இல்லை. துணை கூட்டுக்குத் திரும்பி வரும்போது அலகுகளைத் தட்டிக் கடகடவென்று ஓசை செய்யும். கண்மாய்க் கரையில் நின்றால் அது நன்றாகக் கேட்கிறது.